பதினோராவது நாற்காலி

கருங்கல் சந்தைக்குப் பின்னால்
என் தையல்கடையின் உள்ளறைதான் சங்கத்தின் ஆபீஸ்.
மடக்கிவைத்த சக்கர நாற்காலிகளின் மேல்
தைக்கக் கொடுத்து வாங்க வராத பிளவுஸ்கள் கிடக்கும்.
ஆராவது படுக்கையில் விழுந்தால்
ராத்திரி பன்னிரண்டானாலும்
டார்வினின் மீன்வண்டியில் ஏற்றி அனுப்புவோம்:
நாற்காலி, தண்ணீர்ப் படுக்கை, மூத்திரப் பை.
வாடகை கிடையாது.
ஒன்பது வருஷம்.
கணக்கு என் தலைக்குள் இருந்தது.

பணம் கேட்டு நாகர்கோவிலுக்கு எழுதினோம்.
அனிஷ்மா வந்தாள்.
முந்திரி கம்பெனியில் கணக்கு எழுதினவளாம்,
பையில் குடையும் அடிஸ்கேலும்.
"ஒரு வருஷம், வியாழன் விட்டு வியாழன் வருவேன்.
காசு மட்டும் கேக்காதீங்க."
சோறு கேட்டால் அடுப்பு பற்றவைக்க ஆள் அனுப்புகிறார்கள்
என்று ரெஜினாளிடம் முனகினேன்.

முதல் நாள் அவள் ஒன்றும் சொல்லித்தரவில்லை.
ஷாலை இடுப்பில் இறுக்கிக்கொண்டு
எங்களோடு நாற்காலிகளைத் துடைத்தாள்.
முதுகில் பெயிண்டால் நம்பர் போட்டாள்.
"ரசீதில் பதினொன்று. இங்கே நாலு. மற்றது?"
சொன்னேன்: பாலப்பள்ளத்தில் இரண்டு,
மிடாலத்தில் இரண்டு, மத்திகோட்டில் ஒன்று,
திக்கணங்கோட்டில் ஒன்று...
மடக்கிய விரல் பத்தில் நின்றுவிட்டது.

"அக்காவுக்குக் காய்ச்சல் வந்தா
இத ஆரு சொல்லுவா?"
சாதாரணமாகத்தான் கேட்டாள்.
அன்று அவளுக்கு நான் சாயா வாங்கவில்லை.

மூன்று வியாழன் தேடினோம்.
பழைய போன் நம்பர்கள், அணைந்துபோன நம்பர்கள்.
நாலாவது வியாழன், மழையில்,
மீன்வண்டி ஏற மறுத்த ஒற்றையடிப் பாதையில்
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அவளும் ஏறினாள்,
கப்பியறை தாண்டி, ரப்பர் விளைக்குள் ஒரு வீடு.

புருஷன் போய் இரண்டு ஓணம் கழிந்திருந்தது.
நாற்காலி சன்னலைப் பார்த்து நின்றது.
கைப்பிடியில் ஈரிழைத் துண்டு.
சக்கரத்துக்கு எண்ணெய்கூடப் போட்டிருந்தார் தங்கலீலா.
"ஆராவது கேட்டு வருவினும்னு இருந்தேன்.
ஆரும் வரேல்ல."

திரும்பும்போது
ஐஸ்பெட்டி நாற்றத்தில் மூன்று பேரும் பேசவில்லை.

அடுத்த முறை நோட்டுக்குக் கோடு போட்டாள்.
பெயர், ஊர், போன், எடுத்த நாள், தந்த நாள்.
ஒரு கட்டம் கூடப் போடு என்றேன்.
இடமில்லை என்றாள். பிறகு
போன் கட்டத்தை அழித்துச் சுருக்கி
நான் சொன்னபடி எழுதினாள்:
போய்ப் பார்த்த நாள்.

ஐநூறு ரூபாய் முன்பணம் வாங்கலாம் என்றாள்.
மாட்டோம் என்றோம்.
அதில் இன்றுவரை அவளுக்குச் சமாதானமில்லை,
எங்களுக்கும்.
ஆனால் பாங்கில் இரண்டு கையெழுத்து வந்தது.
ஊருக்கு ஒருத்தி பொறுப்பு வந்தது.
வாயே திறக்காத சுகிர்தா
கூட்டக் குறிப்பு வாசிக்கும்போது
என் தப்பைத் திருத்தினாள்.
பெரிய பணம் இன்னும் வரவில்லை.
மனு இப்போது கிழியாமல் இருக்கிறது.

வருஷம் முடிந்தது.
அனிஷ்மா ஆரல்வாய்மொழிப் பக்கம்
தெருநாய்க்கு ஊசி போடுகிறவர்களோடு இருக்கிறாள்.
நாய்களுக்கு நம்பர் போடுகிறாளாம்.

போன மாசம் கடைப்படியில் வழுக்கி
என் கால் முறிந்தது.
மார்த்தாண்டத்தில் பன்னிரண்டு நாள்,
போனையும் மகன் வாங்கி வைத்துக்கொண்டான்.
ஒன்றும் நின்றுபோகவில்லை.
அது கொஞ்சம் வலித்தது, காலைவிட.

வீட்டுக்கு வந்தபோது
பதினோராம் நம்பர் காத்திருந்தது.
நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன்.
ரெஜினாளின் சரிந்த எழுத்தில்:
ஜாய்ஸ் மலர், கருங்கல்.
போய்ப் பார்த்த நாள்: ஏழு, ஒன்பது, பன்னிரண்டு.
பன்னிரண்டாம் தேதி
மரச்சீனியும் சாளைக் குழம்பும் கொண்டுவந்தார்கள்.
அதற்குக் கட்டம் இல்லை.